ஒரே ஊரில் இருக்கும் சர்வருக்கு 92 மில்லி விநாடி: வழி எங்கே சுற்றுகிறது?

#1 மாலைமதி

வணக்கம். ஒன்றரை மாதமாக மண்டையைக் குடைகிற ஒரு விஷயம். ரூட்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். அலுவலக சர்வர் இதே ஊரில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. அதில் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுத்தான் நாள் முழுக்க வேலை. பகலில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் சின்ன இழுப்பு தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் நான்கைந்து எழுத்துகள் சேர்ந்து மொத்தமாக வந்து விழும். ஆனால் வேகச் சோதனை செய்தால் வாங்கிய வேகம் முழுசாக வருகிறது. கஸ்டமர் கேரில் நான்கு முறை பேசினேன், நான்கு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு முறை அப்படிச் செய்ததும் மறுநாள் முழுக்க அருமையாக இருந்தது. அப்புறம் பழையபடி. பக்கத்து வீட்டிலும் இதே கம்பெனிதான், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

பகலில், வைஃபை இல்லாமல் கேபிள் வழியாக எடுத்த டிரேஸ்ரூட், அதாவது வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிலிருந்தும் பதில் வர ஆகும் நேரம் (மில்லி விநாடியில்):

1. வீட்டு ரவுட்டர்: 1
2. நெட் கம்பெனி: 3
3. நெட் கம்பெனி: 4
4. எக்ஸ்சேஞ்ச் (நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் இடம்) முகவரி: 91
5. டேட்டா சென்டர்: 92
6. அலுவலக சர்வர்: 92

கம்பெனியின் ஏ.எஸ். எண்ணை (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) போட்டும் தேடிப் பார்த்தேன். நிஜ எண்களை இங்கே போட விருப்பமில்லை, அதனால் ஏ.எஸ். 64500 என்றும் 10-இல் தொடங்கும் முகவரிகள் என்றும் மாற்றியிருக்கிறேன். அவற்றை நிஜப் பொது முகவரிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு அப்ஸ்ட்ரீம் (கம்பெனியை இணையத்தின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் நெட்வொர்க்), ஒரு எக்ஸ்சேஞ்சில் இணைப்பு. முகவரித் தொகுதிகள் 17 வரி (சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடினால் தொகுதி சிறியது): முதலில் 10.20.0.0/20, அதன் கீழே 10.20.0.0/24, 10.20.1.0/24 என்று 10.20.15.0/24 வரை பதினாறு. /20 என்றாலே அந்தப் பதினாறும் அதில் அடக்கம்தானே? ஒரே முகவரிகளை எதற்காக இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள்?

#2 வேகவண்டி

நான்காவது வரியிலேயே தெரிகிறதே, எக்ஸ்சேஞ்சில் நெரிசல். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனியை மாற்றிவிடுங்கள்.

#3 கம்பிவழி

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாரும் தூங்கும்போது ஒரு பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) எடுங்கள். நெரிசல் என்றால் அந்த நேரத்தில் எண் சட்டென்று இறங்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி என்ன? வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற முகவரி என்ன? இரண்டும் ஒன்றா?

மூன்றாவது, அலுவலக சர்வரில் உட்கார்ந்து அந்த வெளி முகவரிக்கு ஒரு டிரேஸ்ரூட். இதுதான் முக்கியம். வீட்டிலிருந்து எடுக்கும் டிரேஸ்ரூட் போகிற வழியை மட்டும்தான் காட்டும். வருகிற வழியின் நேரமும் அதே எண்ணுக்குள் சேர்ந்திருக்கும், ஆனால் அந்த வழி எது என்று அதில் தெரியாது.

#4 மாலைமதி

காலை 5:10-க்கு எடுத்தேன். 91, 91, 92, 91. அசையவே இல்லை. இரவு பத்து மணிக்கு 110-இலிருந்து 160 வரை ஆடுகிறது, நூறு பாக்கெட்டில் (தகவல் துண்டு) மூன்று நான்கு காணாமல் போகிறது.

ரவுட்டரின் வெளிப்பக்கம் 100.72 என்று தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் 10.20.9 தொகுதியில் ஒரு முகவரி.

அலுவலக சர்வரிலிருந்து:

1. டேட்டா சென்டர்: 1
2. டேட்டா சென்டர்: 1
3. டேட்டா சென்டருக்கு மேலே உள்ள டிரான்சிட் (காசுக்கு இணைய வழி தரும் நெட்வொர்க்): 2
4. அதே டிரான்சிட், பெயரைப் பார்த்தால் வேறு கண்டத்து நகரம்: 87
5. எங்கள் கம்பெனியின் இரண்டாவது அப்ஸ்ட்ரீம், அதே நகரம்: 88
6. அதே அப்ஸ்ட்ரீம், எங்கள் ஊர்: 173
7. நெட் கம்பெனி: 91

நான்காவது வரியைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஆறாவதில் 173 வந்துவிட்டு ஏழாவதில் 91-க்கு எப்படி இறங்கும்? எனக்குப் புரியவில்லை.

#5 கம்பிவழி

அந்த 173 உங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலை ஐந்து மணிக்கும் 91 என்றால் அது நெரிசல் இல்லை, தூரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். நியாயமாகப் பார்த்தால் உங்களுக்கு 5 அல்லது 6 வர வேண்டும். கூடுதலாக இருப்பது ஏறக்குறைய 86. அதை 200-ஆல் பெருக்கினால் 17,000 கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தின் பதிலும் அவ்வளவு தூரம் கடலைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட ஊருக்கே திரும்பி வருகிறது.

போகிற வழி சுத்தமாக இருக்கிறது. வீடு, கம்பெனி, எக்ஸ்சேஞ்ச், டேட்டா சென்டர். உங்கள் முதல் டிரேஸ்ரூட்டில் நான்காவது வரி எக்ஸ்சேஞ்ச் முகவரி என்பது சரிதான், ஆனால் அந்தப் பெட்டி எக்ஸ்சேஞ்சுடையது அல்ல. எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு பெரிய சுவிட்ச் மாதிரி. அதில் இணைகிற ஒவ்வொருவரின் ரவுட்டருக்கும் எக்ஸ்சேஞ்சின் தொகுதியிலிருந்து ஒரு முகவரி கொடுப்பார்கள். உங்களுக்குப் பதில் சொன்னது அந்த முகவரியைப் போட்டுக்கொண்டிருக்கும் டேட்டா சென்டரின் ரவுட்டர். அதன் பதில்தான் கடல் தாண்டிப் போய் வருகிறது. வேகவண்டி, நீங்கள் எக்ஸ்சேஞ்சைக் குறை சொன்னதற்குக் காரணம் இதுதான். நிறையப் பேர் இந்த வரியில்தான் தவறுகிறார்கள்.

இப்போது 173. அலுவலகத்திலிருந்து கிளம்பிய பாக்கெட் தூர நகரம் போய் உங்கள் ஊருக்குத் திரும்பி, அப்ஸ்ட்ரீமின் ரவுட்டரைத் தொட 87. அந்த ரவுட்டர் பதில் அனுப்பும்போது அதுவும் அதே தூர நகரம் வழியாகத்தான் போகிறது, இன்னொரு 86. அடுத்த வரியில் பதில் சொல்வது உங்கள் கம்பெனி. அவர்கள் எக்ஸ்சேஞ்ச் வழியாக நேராக அனுப்பிவிடுகிறார்கள். அதனால் மறுபடி 91. ஆக, கோளாறு ஒரு திசையில் மட்டும். வருகிற திசையில்.

#6 மாலைமதி

ஐயா, இப்போது புரிகிறது. ஆனால் டேட்டா சென்டரும் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறார்களே. அவர்கள் ஏன் அதே வழியில் பதில் அனுப்பவில்லை?

#7 கம்பிவழி

நீங்கள் முதல் பதிவிலேயே கேட்ட அந்த 17 வரிக் கேள்விதான் இதற்குப் பதில். நான் ஏழெட்டு ஆண்டு ஒரு சிறிய சேவை நிறுவனத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தேன், இதே தவற்றை என் கையாலேயே செய்து பின்னால் திருத்தியிருக்கிறேன்.

ஒரு கம்பெனிக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம் இருந்தால் வெளியே போகும் டிராஃபிக்கை எதில் அனுப்புவது என்பது அதன் கையில். உள்ளே வருவது அப்படி இல்லை. உலகம் எந்த வழியாக அனுப்புமோ அந்த வழியாகத்தான் வரும். வீட்டு வாடிக்கையாளர்கள் அனுப்புவதைவிடப் பல மடங்கு இறக்குகிறவர்கள். அதனால் ஒரு லைன் நிரம்பி வழியும், இன்னொன்று காலியாகக் கிடக்கும். சமன் செய்ய எளிதாகக் கைக்கு வரும் உத்தி /20-ஐ உடைப்பது. ஒரு /20-இல் 4,096 முகவரி. அதை 256 முகவரி கொண்ட பதினாறு /24 ஆக்கி, முதல் எட்டை ஓர் அப்ஸ்ட்ரீமிடமும் மீதி எட்டை மற்றொன்றிடமும் அறிவிப்பார்கள், அதாவது இந்த முகவரிகளுக்கு இந்த வழியாக வாருங்கள் என்று சொல்வார்கள். ஒன்று அறுந்தால் கைகொடுக்க /20 இரண்டிடமும் இருக்கும். /24-ஐவிடச் சிறிய தொகுதியைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் வாங்குவதில்லை, அதனால் உடைப்பது அந்த அளவோடு நின்றுவிடும்.

ரவுட்டருக்கு ஒரு விதி உண்டு. ஒரு முகவரிக்கு இரண்டு வழி பொருந்தினால், எது குறுகலான தொகுதியோ அதைத்தான் எடுக்கும். அதனால் /20-ஐ விட /24 எப்போதும் ஜெயிக்கும்.

உங்கள் கம்பெனி எக்ஸ்சேஞ்சில் /20-ஐ மட்டும் அறிவித்திருப்பார்கள், /24-களை அங்கே சேர்க்க விட்டுப்போயிருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் டேட்டா சென்டரின் ரவுட்டருக்கு உங்கள் முகவரிக்கு இரண்டு வழி தெரிகிறது: கண்ணெதிரே எக்ஸ்சேஞ்சில் ஒரு /20, டிரான்சிட் வழியாக ஒரு /24. அது தயங்காமல் /24-ஐ எடுக்கிறது. அந்த டிரான்சிட்டும் உங்கள் இரண்டாவது அப்ஸ்ட்ரீமும் உள்ளூரில் கைகோக்காமல் அந்தத் தூர நகரத்தில் கோத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மர்மமும் இதிலேயே தீரும். 100.64.0.0/10 என்பது ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கிய தொகுதி. உங்கள் 100.72 அதில்தான் வருகிறது. ரவுட்டரை அணைத்துப் போடும்போது உங்களுக்கு வேறொரு பொது முகவரி அமையலாம். ஒரு நாள் நன்றாக இருந்தது என்றீர்களே, அன்றைக்கு 10.20.0 முதல் 10.20.7 வரை ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். முதல் அப்ஸ்ட்ரீம் உள்ளூரிலேயே டேட்டா சென்டர் பக்கம் இணைந்திருக்கலாம். பக்கத்து வீட்டு முகவரியைக் கேட்டுப் பாருங்கள்.

வேகச் சோதனை ஏன் முழுசாகக் காட்டுகிறது என்றால், அந்தச் சர்வர் பெரும்பாலும் கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும். வெளியே போகாத ஒன்றை வைத்து வெளி வழியை அளக்க முடியாது.

#8 மாலைமதி

கேட்டேன். பக்கத்து வீடு 10.20.3. அவர்கள் வீட்டுக் கணினியிலிருந்து அதே சர்வருக்கு 11!

#9 தறிநூல்

கம்பிவழி சொல்வதில் ஓர் இடம் எனக்கு இடிக்கிறது. எந்த நெட்வொர்க்கும் பியரிங் வழிக்கு (எக்ஸ்சேஞ்சில் நேரடியாகக் கோத்துக்கொள்ளும் வழி) லோக்கல் ப்ரிஃபரன்ஸ், அதாவது தானே வைக்கும் முன்னுரிமை எண், அதிகமாக வைக்கும். டிரான்சிட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும், எக்ஸ்சேஞ்சில் அப்படி இல்லை. பிஜிபி-யில் (நெட்வொர்க்குகள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) முதலில் பார்ப்பதே லோக்கல் ப்ரிஃபரன்ஸ்தான், ஏ.எஸ். பாதை (கடக்கும் நெட்வொர்க்குகளின் வரிசை) நீளமெல்லாம் அப்புறம். டேட்டா சென்டர் எக்ஸ்சேஞ்ச் வழியைத்தான் எடுத்திருக்க வேண்டும். அவர்கள் பக்கம் அமைப்பு தவறாக இருக்கலாம் அல்லவா?

#10 கம்பிவழி

நியாயமான கேள்வி. ஆனால் லோக்கல் ப்ரிஃபரன்ஸ் ஒரே தொகுதிக்கு வந்த இரண்டு வழிகளை ஒப்பிடத்தான் பயன்படும். /20-க்கு இரண்டு வழி வந்திருந்தால் எக்ஸ்சேஞ்ச் ஜெயித்திருக்கும். இங்கே /20 ஒரு தொகுதி, /24 வேறொரு தொகுதி. இரண்டும் போட்டியே போடவில்லை. இரண்டுமே ரவுட்டரின் வழி அட்டவணையில் ஏறிவிடும். பாக்கெட் வந்து நிற்கும்போது குறுகலானது எது என்று மட்டும்தான் ரவுட்டர் பார்க்கும். அங்கே விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

இந்த விதி எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2008 பிப்ரவரி 24 நல்ல உதாரணம். யூடியூப் தன் 208.65.152.0/22 தொகுதியை அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் அந்தத் தளத்தைத் தடுக்க 208.65.153.0/24 என்று ஒரு வழியைப் போட்டது. அது வெளியே கசிந்து, பாகிஸ்தான் டெலிகாமின் அப்ஸ்ட்ரீமான பிசிசிடபிள்யூ வழியாக உலகத்துக்குப் பரவியது. யூடியூபின் /22 எங்கும் காணாமல் போகவில்லை, எல்லா ரவுட்டரிலும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் /24 ஜெயித்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை. யூடியூப் பதிலுக்கு அதே /24-ஐயும், அதையும் பாதியாக்கி இரண்டு /25-களையும் அறிவித்துப் பார்த்தது. அதே குறுகல் விதியைக் கையில் எடுத்துத்தான் தன் முகவரிகளை மீட்கப் போராடியது.

மாலைமதியின் வீட்டில் நடப்பது தாக்குதல் இல்லை, அவர்கள் கம்பெனி தனக்குத்தானே செய்துகொண்டது. ஆனால் வேலை செய்கிற விதி அதேதான்.

#11 நடுநிசி

ஒரு சின்ன யோசனை. உங்கள் இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி, நாம் இதுவரை பேசியது ஐபிவி4) இருக்கிறதா? இருந்தால் அதே சர்வருக்கு அதில் பிங் எடுங்கள். சிறிய கம்பெனிகள் ஐபிவி6-இல் ஒரே ஒரு /32 வாங்கி, அதை உடைக்காமல் எல்லா இடத்திலும் அறிவிப்பது வழக்கம். உடைக்காத தொகுதியில் இந்தச் சுற்றல் வரக் கூடாது.

#12 மாலைமதி

இருக்கிறது. எடுத்தேன். 6. திரும்பத் திரும்ப எடுத்தேன், 6, 6, 5, 6. ஒரே கம்பி, ஒரே சர்வர்.

#13 கம்பிவழி

நடுநிசி, அருமையான சோதனை. இது எனக்குத் தோன்றவே இல்லை. என் ஊகம் இப்போது ஊகம் இல்லை.

#14 பழையபெட்டி

இதைப் படிக்கையில் எனக்கு வேறொரு வருத்தம். ஒரு வரியில் முடிய வேண்டியதைப் பதினேழு வரியாக்கினால் அந்தப் பதினாறு கூடுதல் வரியையும் உலகத்தில் முழு அட்டவணை வைத்திருக்கிற ஒவ்வொரு ரவுட்டரும் சுமக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் 12 அன்று அட்டவணை 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, அந்த எண்ணிக்கைக்கே இடம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் திணறின. நாங்கள் அன்று இரவு முழுக்க ஒரு பெட்டியின் நினைவகப் பங்கீட்டை மாற்றி ரீபூட் செய்துகொண்டிருந்தோம். ஐபிவி6-க்கு ஒதுக்கியதைக் குறைத்து ஐபிவி4-க்குக் கொடுத்துச் சமாளித்தோம். இன்று ஐபிவி4 அட்டவணை 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உடைக்காமலே சமன் செய்ய, ஏ.எஸ். பாதையில் தன் எண்ணைக் கூடுதலாக எழுதி நீளமாகக் காட்டலாம், அப்ஸ்ட்ரீமின் கம்யூனிட்டி எண்களை (வழியை எப்படி நடத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறியீடுகள்) பயன்படுத்தலாம். உடைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

#15 தறிநூல்

ஒப்புக்கொள்கிறேன், என் எண்ணம் தவறு. பழையபெட்டி சொல்வதும் சரிதான், ஆனால் இரண்டே லைன் வைத்திருக்கும் சிறிய கம்பெனிக்கு, பாதையை நீட்டிக் காட்டுவது பல சமயம் எடுபடாது. பெரிய நெட்வொர்க் ஒன்று தன் வாடிக்கையாளர் வழிக்கு முன்னுரிமை வைத்திருந்தால், நீங்கள் எத்தனை முறை எண்ணைத் திருப்பி எழுதினாலும் அது கண்டுகொள்ளாது.

மாலைமதி, கஸ்டமர் கேரை விட்டுவிடுங்கள். நெட்வொர்க்குகள் தங்கள் விவரங்களைப் பதியும் பியரிங்டிபி தளத்தில் ஏ.எஸ். எண்ணைப் போட்டால் நெட்வொர்க் பிரிவின் மின்னஞ்சல் பெரும்பாலும் இருக்கும். அங்கே எழுதுங்கள். சுருக்கமாக, எண்களோடு. எழுதியதை அனுப்பும் முன் இங்கே போடுங்கள்.

#16 மாலைமதி

இதுதான் எழுதியிருக்கிறேன்:

"வணக்கம். என் பொது முகவரி 10.20.9 தொகுதியில் உள்ளது. இதே ஊரில் எக்ஸ்சேஞ்சில் உங்களோடு இணைந்திருக்கும் டேட்டா சென்டருக்குப் போகும் வழி நேராக இருக்கிறது, வரும் வழி வெளிநாடு சுற்றுகிறது. ஐபிவி4-இல் 92, ஐபிவி6-இல் 6. உங்கள் /20 எக்ஸ்சேஞ்சில் தெரிகிறது, 10.20.9.0/24 அங்கே தெரியவில்லை, இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வழியாக மட்டும் தெரிகிறது. /24-களை எக்ஸ்சேஞ்சிலும் அறிவிக்க முடியுமா? இரு திசை டிரேஸ்ரூட்டும் கீழே."

#17 தறிநூல்

நன்றாக இருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் லுக்கிங் கிளாஸில் (அங்கே தெரியும் வழிகளைக் காட்டும் பக்கம்) நீங்களே பார்த்துவிட்டு அந்த "தெரியவில்லை" என்ற வரியை எழுதியிருக்கிறீர்கள்தானே? அந்தப் படத்தையும் இணையுங்கள். படிக்கிற பொறியாளருக்குத் தேட வேண்டிய வேலை மிச்சம்.

நான் அவர்களின் ஆர்பிகேஐ பதிவையும் (எந்த ஏ.எஸ். எந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்ற சான்று) பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். /24-கள் டேட்டா சென்டர் வரை போய்ச் சேர்ந்திருப்பதால் இந்தக் கோளாறு அங்கிருந்து வரவில்லை.

#18 மாலைமதி

ஆமாம், பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். படத்தோடு அனுப்பிவிட்டேன்.

#19 மாலைமதி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று மாலை பதில் வந்தது. நான்கே வரி. இரண்டாவது அப்ஸ்ட்ரீம் எடுத்தபோது /24 பட்டியலை அப்ஸ்ட்ரீம்களுக்கான கொள்கையில் மட்டும் சேர்த்தோம், எக்ஸ்சேஞ்ச் கொள்கையில் விட்டுப்போயிற்று, இன்று இரவு சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

காலையில் எழுந்ததும் பிங் எடுத்தேன். 6. அலுவலகத்திலிருந்து திரும்ப எடுத்த டிரேஸ்ரூட் மொத்தமே ஐந்து வரி, எதுவும் 7-ஐத் தாண்டவில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு நீளமான பத்தியை வேகமாகத் தட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தும் விரலோடு சேர்ந்தே வந்தது. இரவு பத்து மணிக்கும் பார்த்துவிட்டேன். அதே 6.

கம்பிவழி ஐயா, தறிநூல், நடுநிசி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

#20 நீலவானம்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஏ.எஸ். எண் மாற்றப்பட்டிருந்தாலும் அடையாளங்களைப் பார்த்தால் என் கம்பெனியும் இதுதான் என்று தோன்றுகிறது. மாலைமதி தனிச்செய்தியில் உறுதிசெய்தார். ஆனால் எனக்கு இன்றைக்கும் 92! நான் 10.20.14.

#21 தறிநூல்

எக்ஸ்சேஞ்சின் ரூட் சர்வர் (இணைந்தவர்களின் அறிவிப்புகளை வாங்கி மற்றவர்களுக்குத் தரும் சர்வர்) லுக்கிங் கிளாஸில் அந்தக் கம்பெனியின் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். 17 இருக்கிறதா?

#22 நீலவானம்

16. 10.20.14.0/24 மட்டும் "நிராகரிக்கப்பட்டவை" என்ற பட்டியலில் கிடக்கிறது. காரணம் என்ற இடத்தில் ஐஆர்ஆர் பதிவு இல்லை என்று இருக்கிறது.

#23 தறிநூல்

அப்படியானால் கம்பெனி அறிவித்துவிட்டது, எக்ஸ்சேஞ்ச் வாங்க மறுக்கிறது. ரூட் சர்வர்கள் ஐஆர்ஆர் தரவுத்தளத்தில் இன்ன தொகுதி இன்ன ஏ.எஸ்.-க்கு உரியது என்று பதிவு இருந்தால்தான் உள்ளே விடும். யாரோ ஒருவர் அடுத்தவர் முகவரியை அறிவித்துவிடாமல் தடுக்கத்தான் இந்தக் காவல், அது சரியாகவே வேலை செய்திருக்கிறது. பதினைந்து /24-க்குப் பதிவு போட்டவர்கள் இந்த ஒன்றை மறந்திருக்கிறார்கள். அப்ஸ்ட்ரீமின் ஃபில்டர் /20-க்குள் எதுவானாலும் /24 வரை ஏற்றுக்கொள்வதாக இருக்கும், அதனால் அங்கே மாட்டவில்லை. மாலைமதிக்குப் பதில் போட்ட அதே முகவரிக்கு, இந்தப் படத்தை இணைத்து இரண்டு வரி எழுதுங்கள்.

#24 நீலவானம்

எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: பதிவு போட்டாயிற்று, எக்ஸ்சேஞ்ச் ஃபில்டர் நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும் என்றார்கள். விழித்திருந்து பார்த்தேன். 12:20 வரை 92. 12:25-க்கு 6.